கதவைத் தாண்டினால் கட்சி மாறும்

ஏழாம் வகுப்புக் கணக்கு டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்திருந்த பெயர் பம்பரம். பட்டப்பெயர் விஷயத்தில் பிள்ளைகள் அநேகமாக அநியாயம் செய்வதில்லை. அந்த வகுப்பில் ஆசிரியருக்கென்று ஒரு நாற்காலி உண்டு. அதில் அவள் உட்கார்ந்து பார்த்தவர்கள் யாரும் கிடையாது. தாமதமாக வருகிறவர்களின் பைகளும் மழை நாளில் ஈரக் குடைகளும்தான் அதில் உட்காரும். அவள் கரும்பலகைக்கும் கடைசி பெஞ்சுக்கும் நடுவே சுற்றிக்கொண்டே இருப்பாள். நடந்துகொண்டே பேசுவாள், பேசிக்கொண்டே ஒருத்தியின் பின்னலை எடுத்து முதுகுக்குப் பின்னால் போடுவாள், இன்னொருவனுக்குப் பென்சில் சீவிக் கொடுப்பாள், போகிற போக்கில் ஜன்னல் கொக்கியை மாட்டுவாள். நின்றால் மிஸ் சாய்ந்துவிடுவார் என்று பிள்ளைகள் உண்மையாகவே நம்பினார்கள்.

காலில் சக்கரம் கட்டிக்கொண்டே பிறந்தவள் என்று அவளைப் பெற்றவள் சொல்வாள். படித்து முடித்ததும் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை கிடைத்தது. நல்ல வேலை, சுழல் நாற்காலி வேறு. அந்த நாற்காலியை அவள் சுற்றிய சுற்றில் பக்கத்து மேஜைக்காரருக்குத் தலை சுற்றியது. கடைசியில் மேலாளரே கூப்பிட்டு, "உனக்கு உக்கார்ற வேலை ஒத்து வராதும்மா. நிக்கிற வேலையாப் பாரு" என்றார். அவர் திட்டியதாக நினைத்தார், அவள் வழிகாட்டியதாக எடுத்துக்கொண்டாள். அடுத்த வாரமே ஆசிரியர் பயிற்சிக்கு மனுப் போட்டாள்.

கட்டிக்கொண்டது மட்டும் தனக்கு நேர் எதிரான ஆளை. ஆஸ்பத்திரி மருந்தகத்தில் அவன் மருந்தாளுநர். சீட்டை இரண்டு தரம் படித்து, மாத்திரையை இரண்டு தரம் எண்ணி, அப்புறம்தான் கையை நீட்டுவான். வீட்டிலும் அதே நிதானம். அவன் ஒரு தம்ளர் டீயை முடிப்பதற்குள் இவள் துணி உலர்த்தி, பாத்திரம் கழுவி, செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பாள்.

"டீ எங்கயும் ஓடிப்போகாது டீச்சர்" என்பான்.

"பஸ் ஓடிப்போகும்" என்பாள்.

இப்படிப்பட்டவள் இயற்கணிதம் நடத்தினால் அது பாடமாகவா இருக்கும், கூத்தாகத்தான் இருக்கும். x + 7 = 12 என்று எழுதுவாள். சமக்குறியைத் தட்டிக் காட்டி, "இது என்ன?" என்பாள். "கதவு!" என்று வகுப்பே கத்தும். "ஏழு இந்தப் பக்கம் கூட்டல் கட்சி. கதவைத் தாண்டினா?" "கட்சி மாறும்!" பலகையின் இடது ஓரத்தில் நின்றிருந்தவள் ஒரே தாவாகத் தாவி வலது ஓரத்தில் போய் நிற்பாள். அங்கே நிமிர்ந்திருந்த கை இங்கே கவிழ்ந்திருக்கும். கூட்டல் போய்க் கழித்தல் வந்துவிடும், பெருக்கல் போய் வகுத்தல் வந்துவிடும். பக்கத்து வகுப்பு வரலாற்று டீச்சர், "என் பாடத்துலகூட ஒரே நாள்ல இத்தனை பேர் கட்சி மாறினதில்ல" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சலித்துக்கொள்வாள்.

பம்பரத்துக்கு ஆகாத விஷயம் ஒன்றுதான்: மௌனம். கேள்வி கேட்டபின் ஒரு பிள்ளை யோசிக்க ஆரம்பித்தால் அந்த இடைவெளி அவளுக்கு உடம்பெல்லாம் அரிக்கும். அந்தப் பிள்ளை பாவம் தவிக்கிறதே என்றும் இருக்கும், மணி அடித்துவிடுமே என்றும் இருக்கும். அதற்குள் இவள் கை எழுந்துவிடும். கையைத் தொடர்ந்து வாயும் வந்துவிடும். பதில் கிடைத்துவிட்டதால் எல்லோருக்கும் சந்தோஷம். மதிப்பெண்களும் நன்றாகவே இருந்ததால் யாரும் எதையும் கிளறவில்லை.

அந்த வருஷம் அவள் வகுப்பில் அவள் வீட்டுப் பிள்ளையும் ஒன்று இருந்தது. நாத்தனாரின் மகள். சத்தமில்லாமல் வந்து சத்தமில்லாமல் போவதால் சுண்டெலி என்று மாமன் வைத்த பெயர், பள்ளிக்கூடம் வரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. நாத்தனாரும் அவள் கணவரும் வேறு ஊரில் சலவைக் கடை வைத்திருக்கிறார்கள். மகளைக் கொண்டுவந்து விட்ட அன்று நாத்தனார் சமையலறை வாசலில் நின்று சொன்னது பம்பரத்துக்கு எழுத்துப் பிசகாமல் நினைவிருக்கிறது.

"எனக்கும் இந்த எக்ஸ் வந்தப்பதான் படிப்பு நின்னுச்சு. ஏழாங்கிளாஸ்ல பெயிலு, நேரா இஸ்திரிப் பெட்டி. என்ன குறைஞ்சு போச்சு எனக்கு? இவளுக்கும் வரலன்னா கடையில இடம் இருக்கு. நீ டீச்சரம்மாவாச்சே, ஒரு வருஷம் பாரு. ஆகலன்னா வந்து கூட்டிட்டுப் போயிடறேன்."

சுண்டெலிக்கோ வேறு ஆசை. பள்ளிக்கூடம் விட்டதும் மருந்தகத்துக்குப் போய்க் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் முக்காலி போட்டு உட்கார்ந்துகொள்வாள். மாமா தட்டில் மாத்திரைகளைக் கொட்டித் தட்டையான கத்தியால் ஐந்தைந்தாகத் தள்ளுவதை வாய் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு நாள் கேட்டேவிட்டாள்: "மாமா, நானும் இதுக்கு வரலாமா?" வரலாம்தான். ஆனால் ஏழாம் வகுப்பு முடிவில் பிரிவுத் தேர்வு என்று ஒன்று இருந்தது. அதில் தேறினால் முதன்மைக் கணக்கு. தேறாவிட்டால் எளிய கணக்கு. அதில் எக்ஸ் என்ற பேச்சே கிடையாது, மருந்தகத்துக்குப் போகும் பாதையும் அதோடு சரி. அதற்கப்புறம் நாத்தனார் பையோடு வந்து நிற்பாள் என்பதும் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

தேர்வு நெருங்க நெருங்கப் பம்பரம் இரட்டை வேகத்தில் சுற்றினாள். காலையில் சிறப்பு வகுப்பு, மாலையில் சிறப்பு வகுப்பு, வீட்டுக்கு வந்தால் சுண்டெலிக்குத் தனி வகுப்பு. "கதவைத் தாண்டினா?" "கட்சி மாறும் அத்தை." ஒரு நாள் காலை வருகைப் பதிவு எடுக்க வாயைத் திறந்தாள். காற்று மட்டும் வந்தது. பிள்ளைகள் முதலில் ஏதோ புது விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார்கள்.

காது மூக்கு தொண்டை டாக்டர் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "குரல் நாண் வீங்கிப் போயிருக்கு. பேசக் கூடாது. கிசுகிசுக்கவும் கூடாது, அது இன்னும் மோசம். நான் சொல்ற வரைக்கும் வாய்க்குப் பூட்டு. மீறினா கத்தி வைக்கணும்." பம்பரம் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "பாருங்க, இப்பவே" என்றார் டாக்டர். வெளியே வந்ததும் கணவன், "நம்ம கல்யாணத்துல இந்த டாக்டரைக் கூப்பிட்டிருக்கணும்" என்று சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பார்த்ததும் பேச்சை மாற்றிக்கொண்டான்.

தலைமை ஆசிரியையைப் பிள்ளைகள் பெரிய மிஸ் என்பார்கள். அவர் விடுப்பு எடுத்துக்கொள்ளச் சொன்னார். கணக்கு வகுப்பை விளையாட்டு சார் பார்த்துக்கொள்வாராம். பம்பரம் தலையை ஆட்டு ஆட்டென்று ஆட்டி மறுத்தாள். எல்.கே.ஜி. பிள்ளைகள் வைத்திருக்கும் சின்ன வெள்ளைப்பலகை ஒன்றை வாங்கிக் கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மறுநாளே வகுப்புக்குப் போனாள். ஒரு கையில் சாக்பீஸ், மறு கையில் பலகைப் பேனா.

கரும்பலகையில் 3x = 12 என்று எழுதிவிட்டுத் திரும்பினாள். சுலபமான கணக்கு. வகுப்பே சேர்ந்து பாடியது: "கதவைத் தாண்டினா கட்சி மாறும்!" பாடி முடித்துவிட்டு எல்லோரும் அவளையே பார்த்தார்கள். அவளும் அவர்களைப் பார்த்தாள். ஒருவரும் எழுதவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தயங்கித் தயங்கிப் பென்சில்கள் அசைந்தன. அவள் பெஞ்சு பெஞ்சாகப் போய்ப் பார்த்தாள். ஒன்பது என்று ஒருத்தி, பதினைந்து என்று ஒருத்தன். கடைசி பெஞ்சில் முப்பத்தாறுகூட இருந்தது. வகுப்பில் முதலாவதாக வருகிறவன் ராக்கெட். அவன் கழித்தல் நான்கு என்று போட்டிருந்தான்.

அவள் புருவத்தை உயர்த்தினாள். ராக்கெட்டுக்கு ரோஷம் வந்துவிட்டது. "மூணு கதவைத் தாண்டுச்சு மிஸ். பெருக்கல் வகுத்தலாச்சு. அப்புறம் கூட்டல் மூணு கழித்தல் மூணாச்சு. கட்சி மாறணுமில்ல?"

எப்படி? இதற்கு முன்பு இதே கணக்கை இதே பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு போட்டார்களே? வெள்ளைப்பலகையில், 'இதுவரை எப்படிப் போட்டீங்க?' என்று எழுதிக் காட்டினாள். மூன்றாவது பெஞ்சிலிருந்து சுண்டெலியின் மெல்லிய குரல் வந்தது.

"மிஸ்… உங்க கையைப் பாத்துத்தான் எழுதுவோம். கையை வெட்டற மாதிரி காட்டினா வகுக்கணும், கவுத்தா கழிக்கணும். இன்னிக்கு ஒரு கையில சாக்பீஸ், இன்னொரு கையில பேனா."

"வகுப்புப் பரீட்சையிலகூட மிஸ்" என்றாள் பக்கத்திலிருந்தவள், உதவி செய்கிற உற்சாகத்தில். "தப்பா எழுதினா உங்க செருப்புச் சத்தம் எங்க பெஞ்சுகிட்ட நின்னுடும். உடனே அழிச்சுடுவோம்."

பிள்ளைகள் இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. எல்லா டீச்சரிடமும் இப்படித்தான் படிப்பது என்று நினைத்திருந்தார்கள். பம்பரம் கரும்பலகைப் பக்கம் திரும்பி அழித்ததையே அழித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இத்தனை வருஷமாகப் பிள்ளைகள் வாங்கியது தன் மதிப்பெண்கள். இவர்களுக்கு முன்னால் போன பிள்ளைகள் எட்டாம் வகுப்பில் யார் கையைப் பார்த்திருப்பார்கள்? வெட்கத்துக்குப் பின்னாலேயே பயமும் வந்தது. பிரிவுத் தேர்வுக்கு மேற்பார்வை எட்டாம் வகுப்புக் கணக்கு சார். அளவுகோலை முழுங்கியவர் போல நிமிர்ந்து உட்காருவாரே தவிர, கையைக் காலை ஆட்டுகிற ஆளில்லை.

அன்று மாலை அவள் வீட்டுக்குள் கூண்டில் அடைத்த மாதிரி நடந்தாள். சமையலறை, கூடம், பால்கனி, மறுபடி சமையலறை. பேச முடியாத கோபமெல்லாம் பாத்திரங்கள் மேல் இறங்கியது. அந்த நேரம் பார்த்து நாத்தனாரின் போன் வந்தது. கணவன் ஒலிபெருக்கியில் போட்டான்.

"டீச்சரம்மாவுக்கே வாய் அடைச்சுப்போச்சாமே?" என்றாள் நாத்தனார். "சரி, என் பொண்ணு எப்படிப் படிக்கறா?"

சுண்டெலிக்குச் சூது வாது தெரியாது. அன்று வகுப்பில் நடந்ததை அப்படியே ஒப்பித்துவிட்டாள்: அத்தை கையைப் பார்த்துத்தான் எல்லோரும் எழுதினோம் என்று. அந்தப் பக்கம் இஸ்திரிப் பெட்டி நீராவி விடும் சீறல் மட்டும் கேட்டது. "அப்ப இவ்வளவு நாளா வாங்கின மார்க்கு அத்தை மார்க்கா? நல்லா இருக்குடி. ரிசல்ட் அன்னிக்கு வர்றேன்."

போனை வைத்ததும் பம்பரம் வெள்ளைப்பலகையில் என்னென்னவோ எழுதி எழுதி அழித்தாள். கணவன் அவள் கையிலிருந்து பேனாவை வாங்கி மூடி போட்டான். "அக்கா சொன்னதுல ஒண்ணும் தப்பில்ல. உனக்குக் காத்திருக்கத் தெரியாது. மருந்துக்கே வேலை செய்ய நேரம் கொடுக்கணும். பிள்ளைக்குக் கொடுக்க வேணாமா?"

அவனைச் சுட்டெரிப்பது போலப் பார்த்தாள். பார்த்துவிட்டு, அவன் மருந்தகத்திலிருந்து கொண்டுவந்து போட்டிருந்த காலிக் கண்சொட்டு மருந்துப் பெட்டிகளின் மேல் பார்வையை ஓட்டினாள். சுண்டெலி எதையாவது போட்டு வைக்கலாம் என்று அவற்றைச் சேர்ப்பாள். அவளிடம் ஒரு தகர டப்பா நிறையச் சட்டைப் பொத்தான்களும் உண்டு. சலவைக் கடையில் அறுந்து விழுந்து, சொந்தக்காரன் தெரியாமல் போனவை. பம்பரம் கொஞ்ச நேரம் டப்பாவையும் பெட்டிகளையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு உள்ளறைக்கு எடுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள்.

திரும்பி வந்து மேஜையின் நடுவே சாக்பீஸால் ஒரு கோடு போட்டாள். கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒட்டி மூடிய மூன்று பெட்டிகளும் இரண்டு பொத்தான்களும். அந்தப் பக்கம் பதினான்கு பொத்தான்கள். வெள்ளைப்பலகையில் எழுதினாள்: 'இரண்டு பக்கமும் ஒரே அளவு. பெட்டிக்குள்ளும் பொத்தான். மூன்றிலும் ஒரே எண்ணிக்கை. எத்தனை?'

சுண்டெலி மேஜையைப் பார்த்தாள், பிறகு வழக்கம் போல அத்தையின் கையைப் பார்த்தாள். கை ஏற்கனவே பாதி எழுந்துவிட்டிருந்தது.

"கையை மேல வெச்சா ஆடும். உக்காந்துக்கோ, கை மேலயே உக்காந்துக்கோ" என்றான் கணவன்.

அவள் உட்கார்ந்தாள். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் திணித்துக்கொண்டாள். சுண்டெலி ஒரு பெட்டியை எடுத்துக் காதருகே ஆட்டிப் பார்த்தாள், வைத்துவிட்டாள். தெருவில் யாரோ ஸ்கூட்டரைக் கிளப்ப மாட்டாமல் உதைத்துக்கொண்டே இருந்தார்கள். பம்பரத்துக்குப் பொறுக்கவில்லை. இரண்டை எடு, எடேன், கண் முன்னாடிதானே கிடக்கிறது! தொண்டை வரை வந்ததை விழுங்கினாள். இடுப்பு தானாக நாற்காலியை விட்டு எழுந்தது. கணவன் தோளைத் தொட்டு உட்கார வைத்தான். ஸ்கூட்டர் ஒரு வழியாகக் கிளம்பிப் போயிற்று. சுண்டெலி இன்னும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பிறகு இந்தப் பக்கமிருந்த இரண்டு பொத்தான்களை எடுத்தாள். கோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் கொண்டுபோனவள் பாதியில் நிறுத்தினாள். அங்கே வைத்தால் என்ன ஆகும் என்று யோசிப்பது முகத்தில் தெரிந்தது. திரும்பக் கொண்டுவந்து டப்பாவுக்குள் போட்டாள். "இங்க ரெண்டு போச்சு. அப்ப அங்கயும் ரெண்டு போகணும். இல்லன்னா ஒரே அளவா இருக்காது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அங்கிருந்தும் இரண்டை எடுத்து டப்பாவில் போட்டாள். மீதியைப் பெட்டிக்கு ஒன்று பெட்டிக்கு ஒன்று என்று மூன்று கும்பலாகப் பிரித்தாள். கும்பலுக்கு நான்கு வந்தது. ஒரு பெட்டியைப் பிரித்துக் கவிழ்த்தாள். நான்கு பொத்தான்கள் உருண்டன.

அவள் சிரிப்பாள் என்று பம்பரம் எதிர்பார்த்தாள். அவளோ முகத்தைச் சுளித்தாள். "அத்தை, யாருமே கதவைத் தாண்டலையே?"

பம்பரத்துக்குக் கண் கலங்கிவிட்டது. யாரும் தாண்டவில்லை. யாரும் கட்சி மாறவில்லை. இரண்டு பக்கமும் ஒரே காரியத்தைச் செய்தார்கள், அவ்வளவுதான். தனக்கு இது தெரியாததல்ல. பயிற்சிக் கல்லூரியில் படித்ததுதான். சொல்லிப் புரிய வைக்க நேரம் பிடிக்கிறதே என்றுதான் கதவையும் கட்சியையும் கண்டுபிடித்தாள். பிள்ளைகளைச் சுற்றி வளைத்து ஓட விட்டதே தன் அவசரம்தான் என்று நினைத்தபோது தன் மேலேயே ஆத்திரமாக வந்தது.

அதன் பிறகு வகுப்பிலும் பெட்டியும் பொத்தானும்தான். மருந்தகத்துக் காலிப் பெட்டிகள் பை பையாக வந்தன. பம்பரம் நாற்காலியிலிருந்த பைகளை இறக்கி வைத்துவிட்டுத் தானே உட்கார்ந்தாள், கைமேல். பிள்ளைகள் அதைப் பார்த்துத்தான் மிரண்டார்கள். மிஸ்ஸுக்கு உடம்பு ரொம்ப மோசம் போலிருக்கிறது என்று வீட்டில் போய்ச் சொன்னார்கள். ராக்கெட்டுக்கு இந்த மெதுவான சமாச்சாரம் பிடிக்கவே இல்லை. "இதெல்லாம் ஒண்ணாங்கிளாஸ் விளையாட்டு மிஸ். பழசே போதும்" என்று இரண்டு நாள் உம்மென்று இருந்தான். மூன்றாம் நாள் கழித்தல் நான்கு பொத்தான்களை எப்படிப் பெட்டிக்குள் போடுவது என்று கேட்டு வகுப்பையே ஸ்தம்பிக்க வைத்தான். அதற்குப் பம்பரத்திடமும் உடனே பதில் இல்லை. வாயும் இல்லாததால் வகுப்பே அதைப் பேசித் தீர்த்தது. அவள் நாற்காலியில் நெளிந்துகொண்டிருந்தாள். பாடம் நகரவில்லையே, நாள் போகிறதே என்ற அரிப்பு அவளை விடவில்லை.

தேர்வு நாள் வந்தது. வகுப்பின் சொந்தக் கணக்கு டீச்சர் பிரிவுத் தேர்வு அறைக்குள் வரக்கூடாது என்பது விதி. அவள் தாழ்வாரத்தில் நடந்தாள். எதிரே வந்த பெரிய மிஸ், "வீட்டுக்குப் போகக் கூடாதா?" என்றார். கூடாது என்று தலையாட்டிவிட்டு மறுபடி நடந்தாள். கடைசி ஜன்னலை ஒட்டியிருந்த சுண்டெலியின் மேஜை நன்றாகத் தெரிந்தது. பார்க்கக் கூடாது என்றுதான் ஒவ்வொரு தடவையும் நினைத்தாள், ஒவ்வொரு தடவையும் பார்த்தாள்.

ஒரு சுற்றில் சுண்டெலி எழுதாமல் இருந்தாள். 5x + 3 = 2x + 18. இரண்டு பக்கமும் எக்ஸ். பழைய வழக்கத்தில் ஒன்றைப் பக்கம் மாற்றி, கட்சி மாற்ற மறந்து, இரண்டையும் கூட்டி 7x என்று எழுதியிருந்தாள். எழுதியதை அவளே சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பென்சில் நுனி வாயில் இருந்தது. பிறகு தலையை நிமிர்த்தினாள். ஜன்னலுக்கு வெளியே அத்தை நின்றாள்.

சுண்டெலியின் கண் நேராக அத்தையின் கைக்குப் போயிற்று.

அளவுகோல் சார் மறு கோடியில் யாருக்கோ விடைத்தாள் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரு கையைக் கவிழ்த்தால் போதும். பிள்ளைக்குப் புரிந்துவிடும், இஸ்திரிப் பெட்டியிலிருந்து மீண்டுவிடும், மருந்தகத்து முக்காலி அவளுக்கே. யாருக்கு என்ன நஷ்டம்? பம்பரத்தின் வலது கை மேலே வந்துவிட்டது. அதை இடது கையால் பிடித்தாள். பிடித்தும் அது நிற்கவில்லை. இனி இந்த உடம்பை நம்புவதற்கில்லை என்று தெரிந்ததும், நின்ற இடத்திலேயே சடாரென்று தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஜன்னலுக்குக் கீழே, சுவரில் சாய்ந்து, கைமேல்.

தலைக்கு மேலே சத்தமே இல்லை. தாழ்வாரத்தில் போன துப்புரவுப் பணியாளர் பதறி ஓடிவந்து, "என்னாச்சு டீச்சர், தண்ணி கொண்டாரவா?" என்றார். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். பாதகி, பிள்ளையைக் கைவிட்டுவிட்டாயே என்று ஒரு மனம் திட்டியது. வெகுநேரத்துக்குப் பின் உள்ளே அழிரப்பர் தேய்க்கும் சத்தம் கேட்டது. அழித்துவிட்டு என்ன எழுதினாள் என்று அவளால் பார்க்க முடியவில்லை. மணி அடிக்கும் வரை எழுந்திருக்கவும் இல்லை.

முடிவு வந்த அன்று டாக்டர் பூட்டைத் திறந்துவிட்டார். அளவாகப் பேசலாம் என்றார். நாத்தனார் சொன்னபடி மாலை வண்டிக்கே வந்துவிட்டாள். பெரிய ஜிப் பை ஒன்றைக் காலியாகக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜை மேல் வைத்தாள். செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றவில்லை.

"தேறிட்டா அக்கா" என்றான் அவள் தம்பி. "நூலிழையில. கடைசி ரெண்டு கணக்கைத் தொடவே நேரமில்ல. தொட்டதெல்லாம் சரி."

நாத்தனாரின் முகம் மலரவில்லை. அவள் பம்பரத்தைப் பார்த்தாள். "நேராக் கேக்கறேன், தப்பா நினைக்காத. நீ கை காட்டினியா?"

எவ்வளவோ நாளாகச் சேர்த்து வைத்த பேச்செல்லாம் பம்பரத்தின் தொண்டையில் முட்டியது. ஒவ்வொன்றாகப் பதில் சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தாள். ஆனால் கரகரவென்று வந்தது இதுதான்: "இல்ல அண்ணி. நான் உக்காந்துட்டேன்."

"நீயா?" என்றாள் நாத்தனார். "நம்பற மாதிரி சொல்லு."

சுண்டெலி தகர டப்பாவையும் பெட்டிகளையும் கொண்டுவந்தாள். அம்மாவின் பையை மேஜையின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டு நடுவில் கோடு போட்டாள். இந்தப் பக்கம் மூடிய இரண்டு பெட்டிகள், மூன்று பொத்தான்கள். அந்தப் பக்கம் பதின்மூன்று.

"ரெண்டு பக்கமும் ஒரே அளவும்மா. பெட்டி ரெண்டுலயும் ஒரே மாதிரி இருக்கு. ஒரு பெட்டியில எத்தனை, சொல்லு."

"என் கடைப் பொத்தானைத் தூக்கிட்டு வந்து என்கிட்டயே கணக்குக் கேக்கறியா? எனக்கு எப்படிடி தெரியும்? நீயே சொல்லு."

சுண்டெலி சொல்லவில்லை. நாற்காலியில் ஏறி உட்கார்ந்து இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். எதிரே பம்பரமும் அப்படியே உட்கார்ந்தாள். வாய் திறந்துகொள்ளப் பார்த்தது. சுண்டெலி பார்த்த பார்வையில் மூடிக்கொண்டது.

"என்ன ரெண்டு பேரும் ஊமை மாதிரி?" என்றாள் நாத்தனார். எரிச்சலோடு பையை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு, மேஜையருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சூடு பட்டுப் பட்டுக் காய்த்துப்போன விரலால் மூன்று பொத்தான்களைத் தொட்டாள். அந்தப் பக்கத்தைப் பார்த்தாள். மறுபடி இந்தப் பக்கத்தைப் பார்த்தாள். அவள் தம்பி டீயைக் குடிக்காமல் பிடித்துக்கொண்டு நின்றான். மேஜைக்கு அடியில் பம்பரத்தின் கால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது.

நாத்தனார் மூன்று பொத்தான்களை எடுத்து ஒதுக்கினாள். வெகுநேரம் யோசித்துவிட்டு அந்தப் பக்கமிருந்தும் மூன்றை ஒதுக்கினாள். மீதியை இரண்டாகப் பிரித்து எண்ணினாள். "அஞ்சா?" என்றாள். சுண்டெலி பெட்டியை நீட்டினாள். நாத்தனார் நகத்தால் கிழித்துப் பிரித்துக் கவிழ்த்தாள். ஐந்து பொத்தான்கள்.

அவள் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் நிறைந்துவிட்டதை மறைக்கத் தெரியவில்லை.

"இவ்வளவுதானா?" என்றாள். "இதுக்கா என்னை நிறுத்தினாங்க?"

யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை. சற்று நேரம் கழித்து அவளே மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பொத்தான்களைக் கோட்டின் இரு பக்கமும் திரும்ப அடுக்க ஆரம்பித்தாள். "இன்னொண்ணு போடுடி" என்றாள்.